பருத்திக்கு உழும் முன்னே: எங்கள் தோட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்லடத்துக்கும் உடுமலைக்கும் நடுவில், பாதி கரிசலும் பாதி செம்மண்ணுமாகக் கிடக்கிற பழைய பருத்தித் தோட்டம் எங்களுடையது. அப்பாரு (தாத்தா) காலத்துப் பண்ணயத்தைச் செய்து காட்டும் வாழும் அருங்காட்சியகமாக இப்போது அதை வைத்திருக்கிறோம். பார்க்க வருகிறவர்கள் கேட்பவை, போனில் கேட்பவை, "எங்க தோட்டத்தையும் இப்படி வைக்கலாமுங்களா" என்று பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்பவை எல்லாம் கீழே இருக்கின்றன. ஒரே பதிலைத் தினமும் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டோம்.

இது தோட்டமா, அருங்காட்சியகமா?

இரண்டும்தான். கண்ணாடிப் பெட்டி ஒன்றுகூட இங்கே கிடையாது. ஆவணியில் வந்தால் ஏர் ஓடுவதையும், மாசியில் வந்தால் பருத்தி எடுப்பதையும் பார்க்கலாம். நடுவில் வந்தால் களை வெட்டுவதைப் பார்க்கலாம், அதிர்ஷ்டம் இல்லாதவர்கள் சேர்ந்து வெட்டவும் செய்யலாம்.

இந்த யோசனை புதியதல்ல. சுவீடனின் ஸ்டாக்ஹோமில் 1891-ல் திறந்த ஸ்கான்சன் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தில் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தி, அவற்றுக்குள் பழைய வேலைகளையும் நடத்திக் காட்டினார்கள். நம் பக்கம் சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ரா அதே வழியில் போனது. எங்களிடம் பெயர்த்து வந்தது எதுவும் இல்லை. சாளை என்கிற தோட்டத்து வீடு, மாடு கட்டும் கட்டுத்தரை, கிணறு, களம் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

ஒரு சின்ன விளக்கம். எங்கள் பேச்சில் கிணற்றுத் தண்ணீர் பாய்ந்தால் அது தோட்டம், மழையை நம்பிக் கிடந்தால் அது காடு. கருங்கண்ணி என்பது நாட்டுப் பருத்தி. "கருங்கண்ணி காட்டுல இருக்குது" என்றதும் வெளியூர்ப் பிள்ளைகள் புலி வருமா என்று கேட்கிறார்கள். மயில் வரும். விதைத்ததைப் பொறுக்கித் தின்னும். அவ்வளவுதான்.

கொங்கு நாட்டில் பருத்தியே இல்லையே, பிறகு ஏன் பருத்தி?

இல்லை என்பதால்தான். கோவையை மில் ஊராக்கியது பருத்தி. ராபர்ட் ஸ்டேன்ஸின் நூற்பாலை 1888-ல் வந்தது. 1900-களின் தொடக்கத்தில் கம்போடியா பருத்தி வந்து, கிணறு வெட்டிய செம்மண் தோட்டங்களில் நன்றாகப் பிடித்துக்கொண்டது. அதன் இழை நாட்டுப் பருத்தியைவிட நீளம், விலையும் கூட. 1932-ல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் வந்தபின் மில்கள் வரிசையாக எழும்பின. திருப்பூர் பனியனுக்குப் பேர் வாங்குவதற்கு முன்னால் பருத்திச் சந்தைக்கும் கொட்டை பிரிக்கும் அரவை ஆலைகளுக்கும் கதருக்கும் பேர் வாங்கிய ஊர். எங்கள் பொதி வண்டியும் அங்கேதான் போகும். ராத்திரி கிளம்பினால் விடிய விடியப் போய்ச் சேரும் என்று அப்பாரு சொல்வார்.

அப்புறம் பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்கால் வந்தது, தென்னை வந்தது. பல்லடத்தைச் சுற்றிக் கோழிப்பண்ணை வந்தபின் மக்காச்சோளத்துக்கு விலை வந்தது. பருத்திக்குக் காய்ப்புழு வந்தது, மருந்துச் செலவு வந்தது. பருத்தி எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் பனியன் கம்பெனி வேன் ஏறிப் போனார்கள். நிழலில் உட்கார்ந்து வாரச் சம்பளம் வாங்கும் வேலை இருக்கும்போது வெயிலில் ஏன் குனிய வேண்டும்? இன்று இங்கே ஓடுகிற மில்களுக்குப் பெரும்பாலும் குஜராத், மகாராஷ்டிரப் பஞ்சு வருகிறது. அப்பா கடைசியாகப் பருத்தி போட்டுவிட்டுத் தென்னங்கன்று வாங்கப் பொள்ளாச்சி போனது எனக்கே நினைவிருக்கிறது.

எந்த வருடத்தைக் காட்டுகிறீர்கள்?

இதுதான் எங்களுக்குள் பெரிய சண்டையை மூட்டிய கேள்வி. அருங்காட்சியகம் என்றால் ஏதாவது ஒரு காலத்தை நிறுத்திப் பிடிக்க வேண்டும் என்று நினைத்தோம். மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலை ஓடிய காலம் அழகு, அதனால் கரன்ட் மோட்டார் வருவதற்கு முந்தைய வருடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம், மோட்டார் ரூமை இடித்துவிடுவோம் என்று ஒரு கட்சி. நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன்.

கடப்பாரையோடு போனபோது அப்பத்தா திண்ணையிலிருந்து எழுந்து வந்துவிட்டார். "அதைய இடிக்கறதுக்கு என்னைய இடிச்சுப் போடு. மோட்டார் வந்தன்னைக்குத்தான் உங்கப்பாரு வெடியற வரைக்கும் தூங்குனாரு" என்றார். கவலை ஓட்டுகிற வீட்டில் நடுச்சாமத்தில் எழுந்தால்தான் வெயிலுக்கு முன்னால் தண்ணீர் பாய்ச்சி முடிக்கலாம். பார்க்கிறவனுக்கு அழகாகத் தெரிவது, செய்தவருக்குத் தூக்கம் கெட்டது. சரி, இடிக்கவில்லை.

இப்போது எல்லாம் நிற்கிறது. கிணற்றின் ஒரு பக்கம் கவலை, மறு பக்கம் மோட்டார் ரூம், அதற்கு அந்தப் பக்கம் அப்பா போட்ட ஆழ்துளைக் குழாய். களஞ்சியத்தில் விதைக்கூடைக்குப் பக்கத்திலேயே காலியான பூச்சிமருந்து டப்பாக்களும் கைத்தெளிப்பானும் இருக்கின்றன. டப்பாக்களைக் கழுவி மூடி, தொட முடியாத உயரத்தில் வைத்திருக்கிறோம். "இதெல்லாம் எதுக்குங்க, அசிங்கமா இருக்குது" என்பவர்கள் உண்டு. பருத்தி போன கதையைச் சொல்ல அவைதான் வேண்டும்.

என்ன பருத்தி போடுகிறீர்கள்?

காட்டில் கருங்கண்ணி, தோட்டத்தில் கம்போடியா வழிவந்த எம்.சி.யு. 5. பேரைக் கேட்டு விழிக்க வேண்டாம். மெட்ராஸ் கம்போடியா உகாண்டா என்பதன் சுருக்கம் அது. 1968-ல் வெளியான ரகம், அப்பா தலைமுறைக்குச் செல்லப்பிள்ளை. கோவையிலேயே உருவாகி 1974-ல் வந்த சுவினும் பத்துச் செடி வேலியோரம் நிற்கிறது. அதன் இழை 37 மில்லிமீட்டருக்கும் மேலே நீளும். கருங்கண்ணி இழையோ ஒரு அங்குலத்தைத் தொடாது. இரண்டையும் விரலில் இழுத்துப் பார்த்தால் பள்ளிப் பிள்ளைக்குக்கூட வித்தியாசம் புரியும். நீள இழை மில்லுக்குப் பிடிக்கும். கருங்கண்ணி வறட்சியைத் தாங்கும், புழுவுக்கு அவ்வளவாக மசியாது, மாட்டெருவே போதும். எது நல்ல பருத்தி என்று கேட்டால், யாருக்கு என்று திருப்பிக் கேட்போம்.

விதைப்பு நாளன்று வந்தால் ஒன்றைப் பார்க்கலாம். பருத்திக்கொட்டை மேல் பஞ்சுமயிர் ஒட்டியிருக்கும். அப்படியே அள்ளினால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கொத்தாக வரும், கை விட்டு விழாது. அதனால் சாணியைக் கரைத்துக் கொட்டையை அதில் போட்டு, சாக்கின் மேல் பரப்பி, உள்ளங்கையால் வட்டமாகத் தேய்ப்பார்கள். மயிர் படிந்து, நிழலில் காய்ந்ததும் ஒவ்வொன்றும் புளியங்கொட்டை மாதிரி தனித்தனியாக உருளும். தேய்க்கிற கைக்கு அழுத்தம் தெரிய வேண்டும். நான் தேய்த்தால் பாதி கொத்து அப்படியே இருக்கிறது.

பக்கத்துக் காட்டில் பி.டி. பருத்தி இருந்தால் கலந்துவிடாதா?

கருங்கண்ணியைப் பற்றி அந்தப் பயம் இல்லை. அது நாட்டு இனம், அதன் உயிரணுவில் 26 குரோமோசோம்கள். காய்ப்புழுவைத் தாங்க மரபணு மாற்றி, 2002-ல் அனுமதி பெற்று வந்த பி.டி. ரகங்களும் கம்போடியாவும் அமெரிக்க இனம், 52 குரோமோசோம்கள். இரண்டும் சாதாரணமாகச் சேராது. ஆனால் எம்.சி.யு. 5 கலக்கும், தேனீ வேலி பார்ப்பதில்லை. அதனால் விதைக்கு வைத்த செடிகளில் நாளைக்கு விரியப்போகிற மொட்டை இன்று சாயங்காலமே நுனியில் நூல் சுற்றிக் கட்டிவிடுவோம். மொட்டு விரியாமலே தன் மகரந்தத்தில் தானே கருவுறும். கட்டிய காய்க்கு அடையாளம் வைத்துத் தனியாக எடுப்போம். சிவப்பு நூல் கட்டிய செடியைப் பார்த்துக் கோயில் வேண்டுதலா என்று கேட்டார் ஒருவர். கிட்டத்தட்ட அப்படித்தான்.

கவலை ஓட்டிக் காட்டுவீர்களா?

கிணற்றில் தண்ணீர் இருந்தால் ஓட்டுவோம். மற்ற ஊர்களில் கமலை என்பதை இங்கே கவலை என்போம். சால் என்கிற பெரிய வாளி கிணற்றுக்குள் இறங்கி நிரம்பும். மாடுகள் வாரியில், அதாவது சரிவுப் பாதையில், கீழ்நோக்கி நடக்கும்போது வடக்கயிறு இழுபட்டுச் சால் மேலே ஏறும். சாலின் அடியில் தும்பி என்ற தோல்குழாய் தொங்கும், அதன் வாயை இன்னொரு மெல்லிய கயிறு மடக்கிப் பிடித்திருக்கும். மேலே வந்ததும் தும்பி தானாக நீண்டு தொட்டியில் தண்ணீரைக் கொட்டும். அப்புறம் மாடுகள் பின்பக்கமாகவே மேடேற வேண்டும். காங்கேயம் மாட்டுக்கு இந்தப் பின்நடையைப் பழக்க எங்களுக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று. பழக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர்தான் கிடைத்தார். அவரும் முதல் நாள் மாட்டைவிட என்னைத்தான் அதிகம் அதட்டினார்.

தும்பி தைப்பது அதைவிடச் சிரமமாகிவிட்டது. தோலை எண்ணெயில் ஊறவைத்துத் தோல்வாராலேயே தைக்க வேண்டும். தையல் தளர்ந்தால் பாதித் தண்ணீர் வழியிலேயே ஒழுகும். அந்தக் கை வைத்திருந்த குடும்பங்களில் இன்று யாரும் அதைச் செய்வதில்லை, அவர்கள் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கவும் எங்களுக்கு உரிமை இல்லை. இப்போது ஓடுவது நாங்கள் செருப்புக் கடைத் தையல்காரரிடம் கேட்டுக் கற்றுச் செய்த நகல். பழைய தும்பி களஞ்சியத்தில் இருக்கிறது, அதை நனைப்பதில்லை. பழசு எதையும் வேலைக்கு எடுக்க மாட்டோம், அதைப் பார்த்துச் செய்த நகலைத்தான் எடுப்போம். கலப்பைக்கும் நுகத்தடிக்கும் அதே விதி.

மாடுகளுக்குக் கஷ்டம் இல்லையா?

ஒரு நேரத்தில் பத்துச் சால்தான், வெயில் ஏறினால் நிறுத்திவிடுவோம். குச்சி கிடையாது. மாடு படுத்துக்கொண்டால் அன்றைக்கு மோட்டார் ரூமைக் காட்டுவோம்.

பண்ணையாட்களைப் பற்றி இத்தனை பலகைகள் ஏன்?

இந்தக் கேள்வி கொஞ்சம் குரல் தாழ்த்தித்தான் கேட்கப்படுகிறது, பெரும்பாலும் எங்கள் சொந்தக்காரர்களால். பதிலைச் சத்தமாகவே சொல்கிறோம். அப்பாரு பண்ணயம் பார்த்தார், உண்மை. ஆனால் உழுததும் இறைத்ததும் எடுத்ததும் பெரும்பாலும் மற்றவர்கள். வருடக் கூலியாகத் தானியம் வாங்கிக்கொண்டு இரவும் பகலும் தோட்டத்தில் கிடந்த படியாட்கள், தும்பியும் வாரும் தைத்துக் கொடுத்த அருந்ததியர் குடும்பங்கள், எடுத்த பருத்தியில் ஒரு பங்கைக் கூலியாக வாங்கிப் போன பெண்கள். சாளையின் எந்தத் திண்ணை வரை யார் வரலாம் என்பதற்குக் கோடு இருந்தது. வீட்டு வரைபடத்தில் அந்தக் கோட்டையும் வரைந்திருக்கிறோம். கிணற்றுக்கும் அதே கணக்குதான். சால் தைத்தவர் அந்தத் தொட்டியில் கை வைக்கக் கூடாது.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஜாரெல் குடும்பத்தின் பருத்திப் பண்ணை இருக்கிறது. 1847-ல் முதல் வீடு கட்டி, அடிமைகளின் உழைப்பில் பருத்தி விளைவித்த குடும்பம். எதையும் தூக்கிப் போடாத பழக்கத்தால் சாமான்களெல்லாம் மிஞ்சின. 1974-ல் வாரிசுகள் அதை மாநில அரசிடம் கொடுத்தார்கள், இன்று அது அருங்காட்சியகம். அங்கே நடந்ததும் இங்கே நடந்ததும் ஒன்றல்ல, இரண்டையும் ஒரே தராசில் வைக்கவில்லை. ஆனால் சொந்தக்காரர் வீட்டை மட்டும் வெள்ளையடித்துக் காட்டினால் அது யாருடைய தோட்டம் என்ற கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

முதல் வருடம் ஒரு பெரிய பிரம்புக்கூடைக்குக் கீழே "பருத்திக் கூடை" என்று எழுதி வைத்திருந்தோம். நாற்பது வருடம் எங்கள் காட்டில் பருத்தி எடுத்த அம்மா ஒருவர் பேத்தியோடு பார்க்க வந்தார். பேத்தி எழுத்துக் கூட்டிப் படித்ததும் நின்றுவிட்டார். "பருத்தி சாயங்காலந்தானுங்க சாமி. பகலெல்லாம் அதுல எம்பட புள்ளைல்ல தூங்குச்சு" என்றார். கூடையின் ஒரு பக்க விளிம்பில் துணி சுற்றிய தடம் இருப்பதை அன்றுதான் பார்த்தோம். வெயில் குழந்தை முகத்தில் படாமலிருக்கச் சேலைத் துண்டு கட்டுவாராம். பலகையை மாற்றிவிட்டோம். அவர் சொன்னதை அவர் குரலிலேயே பதிவு செய்து கூடைக்குப் பக்கத்தில் கேட்க வைத்திருக்கிறோம். பேர் போட வேண்டாம் என்றார், போடவில்லை. இன்று எழுதும் எந்தப் பலகையும் வேலை செய்தவர்கள் யாராவது ஒருவர் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் தொங்கும்.

எப்போது வந்தால் நல்லது?

ஆடிப் பட்டத்தில் தோட்டத்து விதைப்பு, மழை பார்த்துப் புரட்டாசி ஐப்பசியில் காட்டு விதைப்பு. கார்த்திகை மார்கழியில் பூ. எம்.சி.யு. பூ முதல் நாள் வெளிர்நிறமாக விரிந்து மறுநாள் ரோஜா நிறத்துக்கு மாறும், கருங்கண்ணிப் பூ மஞ்சள். தையிலிருந்து பங்குனி வரை எடுப்பு. சித்திரையில் பார்க்க வெயில்தான் இருக்கிறது.

நாங்களும் பருத்தி எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் காலை ஏழு மணிக்கு வர வேண்டும். பனி ஈரம் இருக்கும்வரை காய்ந்த இலையும் பூவிதழும் மெத்தென்று இருக்கும், பஞ்சில் ஒட்டாது. பத்து மணிக்கு மேல் தொட்டாலே நொறுங்கித் தூசாகிப் பஞ்சில் ஏறிவிடும், மில்காரன் விலையைக் குறைப்பான். ஐந்து விரலையும் குவித்து வெடித்த காயின் சுளைகளை ஒரே இழுப்பில் எடுக்க வேண்டும். காய் ஓட்டின் நுனி ஊசிபோலக் குத்தும். கால் மணி நேரத்தில் எல்லாரும் விரலை வாயில் வைத்துக்கொள்கிறார்கள். புழு தின்றதும் கறை படிந்ததும் கொட்டுப் பருத்தி, அதை வேறு மடியில் போடுங்கள்.

இந்தப் பருத்தியில் நெய்த வேட்டி, சேலை கிடைக்குமா?

"பருத்திக்கு உழும் முன்னே தம்பிக்கு எட்டு முழம்" என்ற பழமொழி இதற்குத்தான் வந்திருக்க வேண்டும். நூறு கிலோ பருத்தியை அரைத்தால் முப்பத்தைந்து கிலோ பஞ்சு வருவதே அபூர்வம், மற்றதெல்லாம் கொட்டை. எங்கள் கருங்கண்ணிப் பஞ்சைக் கையால் நூற்று நெய்தது சில துண்டுகள்தான், அவையும் முன்கூட்டியே சொல்லி வைத்தவர்களுக்குப் போய்விடும். கொட்டை மாட்டுக்கு. ஆட்டுரலில் அது அரைபடும் வாசனைக்காகவே சிலர் திரும்ப வருகிறார்கள்.

எடுப்பு முடிந்ததும் செடிகளை ஏன் பிடுங்கிவிடுகிறீர்கள்? காய்ந்த செடியும் காட்சிதானே?

காட்சிக்கு நல்லது, பக்கத்துக் காட்டுக்குக் கெட்டது. விட்டுப்போன காயிலும் மார் என்கிற காய்ந்த செடித்தண்டிலும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவும் கூன்வண்டும் தங்கி அடுத்த பட்டத்துக்குக் காத்திருக்கும். சென்னை மாகாணம் 1919-லேயே பயிர்ப் பூச்சிகளுக்கென்று சட்டம் போட்டு, குறித்த நாளுக்குள் பருத்திமார் பிடுங்க வைத்தது. அப்பாரு அந்தச் சட்டத்தைத் திட்டிக்கொண்டே பிடுங்குவாராம். மார் அடுப்புக்குப் போகும்.

பழைய சாளையை எப்படிப் பராமரிக்கிறீர்கள்?

முதலில் தப்பாகப் பராமரித்தோம். மண்சுவர் பொரிகிறது என்று கொத்தனார் சொன்னதைக் கேட்டு வடக்குச் சுவருக்கு சிமென்ட் பூசினோம். பளபளவென்று இருந்தது. இரண்டு ஐப்பசி கழித்துத் தட்டினால் டமார டமார என்று சத்தம். உள்ளே ஏறிய ஈரம் சிமென்டைத் தாண்டி வெளியே வர வழியில்லாமல் மண் கரைந்து, பூச்சு தனியாக நின்றுகொண்டிருந்தது. உரித்தபோது ஒரு சாண் சுவரும் சேர்ந்து வந்தது. அப்புறம் மண்ணிலேயே கட்டி, சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீர் சேர்த்துப் பூசினோம். சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே பிடித்து வைக்காது, சுவர் காய்ந்துகொள்ளும். அந்த இடத்தில் மட்டும் சுவர் ஒல்லியாக இருப்பதை மறைக்கவில்லை.

நாட்டு ஓடும் பனைவாரையும் கிடைக்கின்றன. எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி கறையான். அதற்கு நாள்தோறும் விளக்குமாறும் கண்ணும்தான் மருந்து.

அரசு இதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்காதா?

மத்திய அரசின் 1958 சட்டப்படி நூறு வருடத்துக்குக் குறையாத பழமை வேண்டும். எங்கள் சாளை அதற்குக் கொஞ்சம் இளையது. வயது வந்தாலும் கேட்போமா என்பது சந்தேகம். சின்னமாகிவிட்டால் அதற்குள் சாணி மெழுக முடியுமா என்று அப்பத்தா கேட்கிறார்.

செலவுக்கு என்ன செய்கிறீர்கள்?

நுழைவுக் கட்டணம் மாட்டுத் தீவனத்துக்குக்கூட முழுதாக வராது. மேற்குப் பக்கத்துத் தென்னந்தோப்புதான் பருத்தியைக் காப்பாற்றுகிறது. ஒரு காலத்தில் பருத்தியைத் துரத்திய அதே தென்னை.

எங்கள் தோட்டத்தையும் இப்படி வைக்க ஆசை. எங்கே தொடங்குவது?

கட்டடத்தில் தொடங்காதீர்கள், சாமானிலும் தொடங்காதீர்கள். அவை இன்னும் பத்து வருடம் இருக்கும். எண்பது வயதுக்காரர்கள் இருக்க மாட்டார்கள். போனை எடுத்துக்கொண்டு போய் அவர்களைப் பேச விடுங்கள், முதலில் நிலத்துக்காரரை அல்ல, வேலை செய்தவரை. "அந்தக் காலத்தில் எப்படி இருந்தது" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சுங்க" என்று முடித்துவிடுவார்கள். ஒரு களைக்கொத்தைக் கையில் கொடுத்து "இதை எப்படிப் பிடிப்பீங்க" என்று கேளுங்கள். பேச்சு நிற்காது.

அடுத்து, எந்தச் சாமானையும் நகர்த்துமுன் இருந்த இடத்திலேயே படம் எடுத்து, எங்கே, எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று எழுதுங்கள். நாங்கள் எழுதாமல் நகர்த்திய ஒரு மரக்கட்டை இன்னும் என்னவென்று தெரியாமல் கிடக்கிறது. விருந்தாளிகள் ஆளுக்கொரு பேர் சொல்கிறார்கள்.

பழைய சாமான் எங்களிடம் இருக்கிறது, கொடுக்கலாமா?

உரலும் அம்மியும் வேண்டவே வேண்டாம், பதினேழு இருக்கிறது. பருத்திச் சந்தைச் சீட்டு, கூலி எழுதிய நோட்டு, பொதிச் சாக்கில் குத்திய முத்திரை இருந்தால் ஓடி வருவோம். அசலைக் கொடுக்க மனமில்லாவிட்டால் படம் எடுத்துக்கொண்டு திருப்பித் தருவோம்.

வரும்போது என்ன கொண்டு வர வேண்டும்?

தொப்பி, தண்ணீர். மழை பெய்திருந்தால் செருப்பைக் காட்டு வரப்பிலேயே விட்டுவிடுங்கள். கரிசல் பிடித்துக்கொண்டால் செருப்பு மட்டும் நின்றுவிடும், நீங்கள் மட்டும் வருவீர்கள். கட்டுத்தரைப் பக்கம் இருக்கிற நாய் குரைக்கும், கடிக்காது. சேவல்தான் துரத்தும்.